இரண்டு தட்டு என்றால் போதும்

இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள், செகாவா சான். எனக்கு இடது காது மந்தம். ஒலிப்பதிவுக்காரனுக்குக் காது மந்தம் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும், தாராளமாகச் சிரியுங்கள். எழுபத்தெட்டு வயதில் ஒரு காது மிச்சம் இருப்பதே பெரிய விஷயம். காலை மேசைக்கடியில் கணப்புப் பக்கம் நீட்டிக்கொள்ளுங்கள். தோக்கியோவிலிருந்து வருகிறவர்கள் இந்த ஊர்ப் பனிக்கு ஏற்ற காலுறை போட்டு வருவதே இல்லை. மாலை ரயிலுக்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 'கிணறுகள்' இசைத்தட்டைக் கம்பெனி மறுபடி வெளியிடப் போகிறது, கூடவே ஒரு சிற்றேடும் வருகிறது, அதை நீங்கள் எழுதுகிறீர்கள். கிடங்கில் மூல டேப் கிடைத்ததாம். உங்களுக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, கடைசிப் பாடலில் நாலு நிமிஷம் வரும் அந்தத் தட்டுச் சத்தம் எந்த நாட்டு வாத்தியம். இரண்டாவது, மூல டேப்பின் ஆரம்பத்தில் "எரியுதா?", "எரியுது" என்று இரண்டு குரல் கேட்கிறது, அதற்கு அடுத்தாற்போல் ஒரு தீக்குச்சி உரசும் சத்தம். "நீங்கள் அப்போது என்ன சிகரெட் பிடிப்பீர்கள்? எழுதினால் சுவையாக இருக்கும்" என்று கேட்டிருந்தீர்கள்.

முப்பத்து நாலு வருஷத்தில் ஆயிரம் பேர் அந்த இசைத்தட்டைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்டதில்லை. நல்ல காது உங்களுக்கு. நான் சிகரெட் பிடித்ததே இல்லை.

அந்த இசைத்தட்டுக்கு இசை அமைத்த ஹசுமியை உங்களுக்குப் படத்தில்தான் தெரியும். ஆள் குள்ளம், குரல் பெரிது, பொறுமை கிடையாது. சிந்தசைசரை அடுக்கி வைத்துக்கொண்டு அதன் நடுவில் மொராக்கோ நாதசுரத்தையும் பாலித் தீவின் வெண்கல மணிகளையும் விட்டுக் கலக்குவார். அவை அங்கே பிறந்தவை மாதிரியே ஒலிக்கும். ஊர் ஊராகப் போய் அந்தச் சத்தங்களைப் பிடித்துக்கொண்டு வந்தது நான். அவரும் கூட வருவார், பெட்டியை நான் தூக்குவேன். பதினான்கு வருஷம். என் முதுகெலும்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதை வாசலிலேயே கவனித்திருப்பீர்கள். அது பதிமூன்று கிலோ ரெக்கார்டரின் வேலை.

'கிணறுகள்' அவருடைய யோசனை. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கிணற்றுக்குள் மைக்கை இறக்குவது, அது என்ன சொல்கிறதோ அதன் மேல் பாடலைக் கட்டுவது. மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில் சாயக்காரர் சந்துக் கிணற்றில் இறக்கிக்கொண்டிருந்தபோது ஓர் ஆடு வந்து மைக்கின் பஞ்சு உறையைத் தின்றுவிட்டது. ஹசுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். 'கிணறுகளுக்கு' முந்தைய இசைத்தட்டு அப்போதுதான் அச்சுக்குப் போயிருந்தது. அங்கிருந்தே போன் போட்டு, அதன் அட்டையில் நன்றி சொல்லும் இடத்தில் அந்த ஆட்டையும் சேர்த்தார். என் பெயரும் அட்டையில் இருந்தது. பின்பக்கம், கருவிகளின் பட்டியலில், மைக்குக்கும் ரெக்கார்டருக்கும் நடுவில். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆடு நல்ல ஆடு.

வேலையில் அவருக்கு இரண்டு சட்டம் உண்டு. இவை தெரியாமல் மற்றது புரியாது. ஒன்று, டேப் ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது, தட்டித்தான் சொல்ல வேண்டும். ஒரு தட்டு என்றால் ஆரம்பிக்கிறேன். இரண்டு தட்டு என்றால் போதும். மற்றது, கடைசிச் சத்தம் அடங்கிய பிறகு அறுபது எண்ண வேண்டும். அதற்கு முன் டேப்பை நிறுத்தக் கூடாது. பாலியில் ஒரு முறை ஸ்கூட்டர் வரும் சத்தம் கேட்டு நாற்பதிலேயே நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில்தான் வாயைத் திறந்தார்.

"ஒரு சத்தம் சாகுறப்ப கூட இருக்கணும்யா. பாதியில எந்திரிச்சுப் போறது என்ன மரியாதை?"

"ஸ்கூட்டர் வந்துச்சு, ஹசுமி சான்."

"வந்தா வரட்டும். சாவு வீட்டுக்கு ஸ்கூட்டர் வராதா?"

அதற்கப்புறம் நான் ஒரு முறையும் அறுபதுக்குக் குறைந்ததில்லை.

என் வாழ்க்கையைப் பற்றிச் சிற்றேட்டில் எழுத ஒன்றும் இல்லை. ஓர் அறை, ஓர் அடுப்பு. வீட்டில் போன் அடித்தால் எடுத்தவுடனே "சொல்லுங்க ஹசுமி சான்" என்பேன். பதினான்கு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அது வேறு யாரோவாக இருந்தது. ராங் நம்பர். ஒரு பெண் காய்கறிக் கடையா என்று கேட்டாள். நான் அவளோடு கொஞ்ச நேரம் முள்ளங்கியைப் பற்றிப் பேசினேன்.

ஆக, எல்லா நாட்டுக் கிணறும் ஆயிற்று. நம் நாட்டுக் கிணறுதான் பாக்கி. ஹசுமிக்கு எந்தக் கிணறும் பிடிக்கவில்லை. கடைசியில் இந்த ஊருக்கு வந்தோம், ஜனவரி மாதம். இதோ, இந்த ஜன்னலிலிருந்து தெரிகிறதே புகைபோக்கி, அரிசி மது வடிக்கும் அந்தச் சாக்கே ஆலைதான். ஆலைக் கிணற்றுத் தண்ணீரின் சத்தம் அவருக்கு அலுத்துப்போயிற்று. ஆனால் அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் தொட்டிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். இரண்டாள் உயர இரும்புத் தொட்டிகள் வரிசையாக நிற்கும், உள்ளே பளிங்கு மாதிரி பூச்சு. மேலே மரத்தளம், தொட்டிகளின் வாய் அந்தத் தளத்தோடு தளமாக இருக்கும். மற்றவற்றில் அரிசி புளித்துப் பொங்கி நுரைத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஏழாம் தொட்டி மட்டும் காலி. முந்தின நாள்தான் கழுவியிருந்தார்கள். ஹசுமி அதற்குள் தலையை விட்டு ஒரு முறை இருமினார். எதிரொலி அடங்க எவ்வளவு நேரம் பிடித்தது தெரியுமா? பதினோரு வினாடி.

"உமெஸு, இதான்யா நம்ம ஊர்க் கிணறு" என்றார்.

ஓதைரா என்று ஒருவர் அங்கே தலைமை. குளிர்காலம் முழுக்க ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வந்து சாக்கே வடிப்பவர். சிவந்த முகம், வாயில் எப்போதும் கேலி. எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"அரிசி பொங்குறதப் பாட்டாப் போடப் போறீங்களா? அப்ப எங்க பசங்க குறட்டையையும் போடுங்க. மதியம் சாப்பிட்டுப் படுத்தா ஆலையே அதிரும்."

"போட்டுட்டாப் போச்சு. அட்டையில உங்க பேரும் வரும்" என்றார் ஹசுமி.

"என் பேரு வேணாம், என் பொஞ்சாதி பேரப் போடுங்க. ஆறு மாசம் நான் இல்லாத நிம்மதியில அவளும் பாடிக்கிட்டுதான் இருப்பா."

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கேலி செய்யவில்லை. ஒரு தகர டப்பாவுக்குள் மெழுகுவர்த்தியை நிறுத்தி, மூன்று கம்பியில் தொங்கவிட்டு, கயிறு கட்டி என் கையில் கொடுத்தார். பொங்குகிற அரிசியிலிருந்து ஒரு கெட்ட காற்று கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கனமானது. தண்ணீர் மாதிரி வழிந்து, பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தேங்கும். ஆலை முழுக்கப் பழ வாசனையாக இருப்பதால் மூக்குக்கும் பிடிபடாது. அதனால் காலித் தொட்டியில் இறங்கும் முன் மெழுகுவர்த்தியை அடிவரை இறக்குவார்கள். எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் இறங்கக் கூடாது.

"ஒவ்வொரு தடவையும் இறக்கணும். அஞ்சு நிமிஷம் முன்னாடிதான பாத்தோம்னு இருந்துடாதீங்க. எங்கப்பன் கூட வேலை பாத்தவரு அப்படித்தான் போனாரு" என்று ஓதைரா சொன்னார். நான் தலையாட்டினேன்.

காலையில் அவரே பக்கத்தில் நின்று இறக்கிக் காட்டினார். சுடர் அடியில் போய் ஆடாமல் நின்றது. ஹசுமி ஏணியில் இறங்கினார், நான் ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன். அலுமினிய ஏணி, உள்ளே இருந்தால் அதுவும் சேர்ந்து முனகும். ரெக்கார்டரின் மோட்டார் சத்தம் மைக்கில் விழக் கூடாது என்று நான் பன்னிரண்டடி தள்ளி உட்கார்ந்தேன். ஹெட்ஃபோனில்தான் அவர் எனக்கு இருந்தார். மூச்சு விடுவது, உள்ளங்கையால் சுவரைத் தடவுவது, எல்லாம் காதுக்குள் கேட்டது. இரண்டு முறை பதிவு செய்தோம். இரண்டும் அவருக்குத் திருப்தியில்லை. மதியம் இன்னொரு முறை என்றார்.

சாப்பாட்டுக்குக் கீழே போனோம். சாக்கே வண்டலில் கொதித்த சால்மன் குழம்பு, சோறு, முள்ளங்கி ஊறுகாய். ஹசுமி தன் கிண்ணத்திலிருந்து பெரிய மீன் துண்டை எடுத்து என் கிண்ணத்தில் போட்டார். அவர் அப்படிச் செய்கிறவரில்லை. உடனே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

"மார்ச்ல கம்பெனி ஒரு மெஷின் தருது. சமையல் மேசையிலயே வச்சுக்கலாம். ஒரு சத்தத்த உள்ள போட்டாப் போதும், எந்தக் கட்டையில வேணும்னாலும் அதுவே பாடும்."

"பதிவு யாரு பண்ணுவா?"

"யாரும் வேணாம்யா, அதான் விஷயமே. இனிமே நான் வீட்ல தனியா உக்காந்தே எல்லாம் பண்ணிக்கலாம். உன் முதுகுக்கும் விடிவு காலம்."

"நான் என்ன பண்றது?"

"தூங்கு. கல்யாணம் பண்ணிக்க. அதுவும் முடியலையா, ஒரு நாய் வளத்துக்க." சிரித்தார். பக்கத்திலிருந்த ஆலைக்காரர்களும் சிரித்தார்கள். ஓதைரா மட்டும், "நாய் பாவம், அது என்ன தப்பு பண்ணுச்சு, பூனை குடுக்குறேன், எலியாவது பிடிக்கும்" என்றார். நானும் சிரித்தேன்.

கோபம் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. கோபமில்லை. பயம். தனியாக என்று அவர் சொன்னபோது அது அவருக்கு விடுமுறை மாதிரி ஒலித்தது. எனக்கு அப்படி ஒலிக்கவில்லை. அந்த அறை, அந்த அடுப்பு, அடிக்காத போன், இவைதான் கண் முன்னால் வந்தன. இருந்தாலும் சால்மனை முழுக்கச் சாப்பிட்டுவிட்டேன், அவர் போட்டதாயிற்றே.

ஆலைக்காரர்கள் விடியலுக்கு முன் எழுந்து வேலை பார்க்கிறவர்கள், சாப்பிட்டதும் படுத்துவிடுவார்கள். நாங்கள் இருவர் மட்டும் மேலே போனோம். வழக்கம்போல் முதலில் டேப்பை ஓடவிட்டேன். மைக் ஏற்கெனவே தொட்டிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. கீழேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்த மெழுகுவர்த்தியை இறக்கினேன். ஹசுமி எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். "எரியுதா?" என்று கேட்டார். "எரியுது" என்றேன். டேப்பில் நீங்கள் கேட்டது இதைத்தான். அவர் இறங்கினார். நான் ஏணியை இழுத்தேன், என் இடத்தில் போய் உட்கார்ந்தேன், ஹெட்ஃபோனை மாட்டினேன்.

ஒரு தட்டு வந்தது. அப்புறம் மெதுவாக முனக ஆரம்பித்தார். அழகாக இருந்தது, அதுவரை அவர் பாடியதிலேயே அழகு அதுதான். ஒன்றரை நிமிஷம் இருக்கும், நிறுத்திவிட்டார். மூச்சு வேகமாக வந்தது. இரண்டு தட்டு.

நான் உட்கார்ந்திருந்தேன். மறுபடி இரண்டு தட்டு. எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பார். அவர் கூப்பிடவில்லை. தன் சட்டத்தைத் தானே மீறக் கூடாது என்று இருந்திருக்கலாம். பிறகு கூப்பிடத் தெம்பு இல்லாமல் போயிருக்கலாம். இரண்டு இரண்டாக வந்தது, இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. பிறகு ஒன்று ஒன்றாக. கடைசியில் தட்டு இல்லை, உள்ளங்கை சுவரில் வழுக்கிக்கொண்டு இறங்கும் சத்தம். எந்தத் தாளக்காரனும் அப்படிக் காலம் குறைக்க முடியாது என்று ஒரு விமரிசகர் எழுதினார். அட்லஸ் மலைத் தோல் மேளம் என்று ஒருவர், பாலியின் இரும்புத் தாளம் என்று ஒருவர். கையும் தொட்டியும்தான், செகாவா சான். உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

இரண்டாவதற்கு வருகிறேன். மெழுகுவர்த்தியைப் பற்றி ஒன்றை விட்டுவிட்டேன். அது கை நீளம்வரை நன்றாக எரிந்தது. இடுப்பு ஆழத்திலும் எரிந்தது. அடிக்குப் போனதும் அணைந்துவிட்டது. ஊதி அணைத்த மாதிரி துடிக்கவில்லை, யாரோ இரண்டு விரலால் கிள்ளிய மாதிரி போய்விட்டது. மதியத்துக்குள் ஆறாம் தொட்டியும் எட்டாம் தொட்டியும் பொங்கி நிறைந்திருந்தன. அவற்றிலிருந்து வழிந்தது ஏழில் தேங்கியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் "எரியுது" என்றேன். அவர் திரும்புவதற்குள் டப்பாவை மேலே இழுத்து, தீக்குச்சி உரசி மறுபடி ஏற்றிக்கொண்டேன். அவர் திரும்பியபோது என் கையில் சுடர் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

முன்கூட்டி யோசித்ததில்லை. கயிற்றின் நுனியில் சுடர் போனபோது, 'இறங்காதீங்க' என்றால் இன்றைக்குப் பதிவு இல்லை, நாளைக்குத் தோக்கியோ, மார்ச்சில் மெஷின் என்று தோன்றிற்று. 'எரியுது' என்றால் இன்னும் ஒரு பதிவு கிடைக்கும். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதிவுதான்.

எல்லாம் முடிந்த பிறகு கீழே ஓடிக் கத்தினேன். ஓதைரா படுக்கையிலிருந்து எழுந்த கோலத்தில் வந்தார். கயிற்றை இடுப்பில் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினார். வேண்டாம் என்று பையன்கள் இழுத்தும் கேட்கவில்லை. தூக்கிப் போட்டபோது அவருக்கே உதடு நீலமாகியிருந்தது. போலீஸ் வந்தது. மெழுகுவர்த்தி எரிந்தது என்று சொன்னேன். பதிவு நடக்கும்போது காற்று வழிந்திருக்க வேண்டும் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். டேப்பை யாரும் போட்டுக் கேட்கவில்லை. அழித்திருக்கலாம்தான். ஹசுமியின் பதிவு எதையும் நான் அழித்ததில்லை.

இறுதிச் சடங்கில் ஓதைரா தரையில் நெற்றி வைத்து எழவே இல்லை. "வெளியூர் ஆளுங்கள தனியா விட்டுட்டு நான் தூங்கப் போனேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உன் தப்பு இல்லப்பா. நீ மெழுகுவர்த்தி இறக்கினியே" என்று அழுதார். அடுத்த குளிர்காலம் அவர் ஆலைக்கு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. புது வருஷத்துக்கு எனக்கு வாழ்த்து அட்டை மட்டும் தவறாமல் போடுவார். இறக்கும் வரைக்கும் போட்டார், பத்தொன்பது அட்டை. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன். எல்லாம் அந்த இழுப்பறையில் இருக்கிறது. என் வீட்டுக்குத் தபால்காரர் வந்தது அதற்காகத்தான்.

கடைசிப் பாடலை நானே கலந்தேன். ஃபெஸ் நாதசுரத்தை அந்தத் தட்டின் மேல் வைத்தேன், அடியில் அவருடைய சிந்தசைசர். கம்பெனியில் எல்லாரும் அழுதார்கள். அவர் இருந்திருந்தாலும் அப்படித்தான் கலந்திருப்பார்.

சட்டப்படி வழக்குப் போடும் கெடு முடிந்துவிட்டதா என்று நூலகத்தில் போய்ப் பார்த்தேன். எப்போதோ முடிந்துவிட்டது. அதற்காகத்தான் துணிந்து சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கேட்டீர்கள், சொன்னேன். முப்பத்து நாலு வருஷத்தில் இந்த மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தவர் நீங்கள்தான்.

சிற்றேட்டில் ஒன்றை மட்டும் சரியாகப் போட்டுவிடுங்கள். தட்டு, ஹசுமி. பதிவு, உமெஸு. கருவிப் பட்டியலில் வேண்டாம், மேலே, ஆட்டைப் போட்டிருந்த இடத்தில்.

இன்னொன்றும் வேண்டுமானால் எழுதலாம். அவர் தனியாகப் போகவில்லை. அந்த உள்ளங்கை வழுக்கிக் கீழே விழுந்த பிறகும் நான் எழுந்துகொள்ளவில்லை. டேப் ஓடட்டும் என்று உட்கார்ந்து, ஒன்றிலிருந்து அறுபதுவரை நிதானமாக எண்ணினேன். அவர் வாய் ஓயாமல் சொல்வாரே, கூட இருக்கணும் என்று. நாற்பதில் எழுந்து ஓடியிருந்தால் என்னோடு மறுபடி பேசியிருக்கவே மாட்டார்.